காணாமல் போனோர் மேசையின் மைக்

மார்ச் 3, ஞாயிறு

பெட்டி முடிந்தது. ஈஸ்வரன் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றான். என் தம்பி திண்டுக்கல்லில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கனமாக இருந்தால்தான் நல்ல சாமான் என்பது அவன் கட்சி.

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் எறும்பு அளவு. ஆம்ப்ளிஃபையர் அதை மதிக்க வேண்டுமென்றால் முதலில் வளர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெட்டி, பிரீஆம்ப் என்போம். சென்னைக் கம்பெனியில் ஒன்பது வருடம் அடுத்தவர் பெயரில் இதையெல்லாம் டிசைன் செய்தேன். என் பெயரில் இதுதான் முதல். மங்கையர்க்கரசி என்று எழுத மூடியில் இடம் போதவில்லை. 'அரசி' என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கல்லுமலைத் திருவிழாவுக்குக் கொடியேற்றம். பத்து நாள். காணாமல் போனவர்களை அறிவிக்கும் மேசைக்கு இந்த முறை என் பெட்டி. மலைப்பாதையிலும் தேர் ஓடும் வீதிகளிலும் சேர்த்து நாற்பத்திரண்டு குழாய் ஸ்பீக்கர். பழைய மிக்சரை ஈஸ்வரன் போன மாதமே விற்றுத் தொலைத்துவிட்டான். இதை விட்டால் வேறு கிடையாது.

மாலை ஆறு மணிக்குச் சென்னையில் அப்பாவோடு இருக்கும் மகளுக்குப் போன். வழக்கம்போல முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கேட்கக் கூடாதவை: அவள் அப்பா. எப்போது வருவாய். கணக்குப் பரீட்சை மார்க். முடியை வெட்டிக்கொண்டது. என்மேல் கோபமா. இவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சாப்பாடும் வெயிலும். "ஹலோ, கேக்குதா?" என்று ஆரம்பித்து இரண்டையும் விசாரித்தேன். யாழினி நாலு 'ம்' சொன்னாள். மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. சண்டை இல்லாமல் முடிந்தது. நல்லதுதான்.

மார்ச் 8, வெள்ளி

கொடியேறியது. என் மானம் இறங்கியது.

மேசை பேருந்து நிலையத்துக்கு எதிரே, தகரக் கொட்டகையில். அறிவிப்பவர் தெய்வானையக்கா. வருடம் முழுக்க ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிறவர். அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை என்று ஊரில் பேச்சு. அவருக்குப் பக்கத்தில் ஊர்க்காவல் படையிலிருந்து பிலோமினா. மற்ற நாளில் தையல் கடை, திருவிழாவில் காக்கிச் சட்டை, கையில் வாக்கி-டாக்கி. காணாமல் போன பிள்ளையின் அடையாளத்தை அவள் வாக்கி-டாக்கியில் சொன்னால்தான் மலை மேலே நிற்கும் போலீஸ்காரர்களுக்குத் தெரியும். ஆகவே அவள் மைக்கை ஒட்டித்தான் உட்கார வேண்டும்.

இந்த வருடம் புது டிஜிட்டல் வாக்கி-டாக்கி கொடுத்திருக்கிறார்கள். பிலோமினா பட்டனை அமுக்கினாள். நாற்பத்திரண்டு குழாயிலும் 'கர்ர்ர்ர்' என்று மாவு மெஷின் ஓடியது. கொடிமரத்தருகே நின்ற குருக்கள் திரும்பிப் பார்த்தார்.

"யார் செஞ்ச பொட்டி இது?" என்று யாரோ கேட்க, ஈஸ்வரன் மூடியைக் காட்டினான். பெரிய எழுத்தில் பெயர் எழுதியது யார் குற்றம்?

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தெய்வானையக்கா பெயர், வயது, சட்டை நிறம் சொல்லி முடித்ததும் மைக்கைத் தேடி வந்தவரிடமே கொடுத்துவிடுவார். அம்மாவோ அப்பாவோ நாலு வார்த்தை பேச வேண்டும்.

"நாலு வயசுப் புள்ளைக்குத் தன் சட்ட கலரு தெரியுமா? அம்மா குரலு தெரியும்ல. அதக் கேட்டுத்தான் அழும். அழுதா பக்கத்துல நிக்கிறவுக கூட்டியாந்துருவாக" என்றார்.

நல்ல வழக்கம். ஆனால் அம்மா பேசும்போதுதான் பிலோமினாவும் போலீசுக்குத் தகவல் சொல்கிறாள். இரண்டும் சேர்ந்தால் கர்ர்ர்.

மார்ச் 9, சனி

காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. வாக்கி-டாக்கியின் ரேடியோ அலை மைக் வயர் வழியாக உள்ளே வந்து, முதல் டிரான்சிஸ்டரில் சத்தமாக மாறிவிடுகிறது. வாசலில் வடிகட்டியிருக்க வேண்டும். கம்பெனி லேபில் பக்கத்தில் யாரும் வாக்கி-டாக்கி வைத்திருக்கவில்லை, அதனால் தோன்றவில்லை. கேட்டால் சாக்குப்போக்கு மாதிரிதான் இருக்கும். ஆமாம், சாக்குத்தான்.

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நாளைக்குள்ள சரியாகலன்னா சொல்லிருங்கம்மா. வேற ஆள் பாத்துக்கிறோம்."

"வேற ஆள்" என்று அவர் சொன்னபோது ஈஸ்வரன் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

வென்றுவிட்டேன்.

மைக் உள்ளே வரும் இடத்தில் குறுக்கே, வடிகட்டியாக ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்தேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. கொஞ்சம் பெரிது. இன்னும் பெரிது. கடைசியில் கையில் இருந்ததிலேயே பெரியதை வைத்தேன். மைக் வயரின் முடிவில் குறுக்கே அறுநூறு ஓம் ரெசிஸ்டரையும் போட்டுவிட்டேன். மைக்கும் அறுநூறு, முடிவும் அறுநூறு. டெலிபோன் லைன் வேலை பார்த்த நாளிலிருந்து என் கை தானாக அறுநூறைத்தான் எடுக்கும். குரல் பாதியானது. அதனால் என்ன, வால்யூமைக் கூட்டினேன்.

தெய்வானையக்கா பேச, பிலோமினா பட்டனை அமுக்க, குழாயில் அவர் குரல் மட்டும் மணி மாதிரி வந்தது. செயலாளர் கையைக் கட்டாமல் வந்து, "பொம்பளப் புள்ளைன்னாலும் கெட்டிதான்" என்றார். அந்த 'ன்னாலும்' எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி சந்தோஷம்.

மாலை சென்னைக்குப் போன். பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது: பரதநாட்டிய கிளாஸை ஏன் நிறுத்தினாய். கேட்கவில்லை. சாப்பாடு, வெயில். நடுவில் யாழினி, "ஏன்மா நீ கஸ்டமர் கேர் மாதிரியே பேசுற?" என்றாள். என்ன பேச்சு இது? மரியாதையாகத்தானே பேசினேன். ஒரு சண்டை கிடையாது, ஒரு குறை கிடையாது.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

மார்ச் 11, திங்கள்

சத்தம் இல்லை. ஒன்பது பேர் காணாமல் போய் ஒன்பது பேரும் கிடைத்தார்கள். அதில் ஏழு பேர் கணவர்கள்.

மார்ச் 12, செவ்வாய்

பகல் பதினொன்றரைக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். செம்பட்டிப் பக்கம். பெயர் மகேஸ்வரி. மகள் மித்ரா, நாலு வயது, பச்சைப் பாவாடை. தெய்வானையக்கா அறிவித்துவிட்டு மைக்கைக் கொடுத்தார். மகேஸ்வரிக்கு நூல் மாதிரி மெல்லிய குரல். அழுதுகொண்டே, "மித்ரா, அம்மா இங்கருக்கேன்டா தங்கம், அம்மாகிட்ட வா" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். பத்து நிமிடம். இருபது நிமிடம். நாற்பது நிமிடம் ஆனது. சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, நின்றேன்.

பன்னிரண்டு பத்துக்குப் பிலோமினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூக்கடைக்காரம்மா ஒருவர் கூடவே வந்தார்.

"என் கடையிலதான் உக்காந்திருந்துச்சு. தலைக்கு மேலயே கொழாய் கத்துது. புள்ள நிமிந்துகூடப் பாக்கல. பக்கத்துக் கடை புள்ளையோன்னு நானும் விட்டுட்டேன்."

மகேஸ்வரி மகளை இறுக்கிக்கொண்டு, "அம்மா கூப்ட்டேனே, கேக்கலையாடி?" என்று கேட்டாள்.

"கேட்டுச்சு" என்றது குழந்தை. "அது எங்கம்மா இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை கிடைத்துவிட்டதே, சிரிக்கத்தானே செய்வார்கள். தெய்வானையக்கா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நான் பெட்டியின் பின்பக்கம் போய் வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மார்ச் 13, புதன்

காலையில் அந்தப் பூக்கடைக்கு எதிரே, பதினேழாம் குழாயின் அடியில் போய் நின்றேன். முதலில் தெய்வானையக்காவைப் பேசச் சொல்லியிருந்தேன். தெளிவு. அடுத்துப் பிலோமினா. அவளுக்கும் மெல்லிய குரல். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. யாரோ ஒரு பொம்பளை என்று மட்டும் தெரிந்தது. பிலோமினா என்று தெரியவில்லை.

நான் வைத்த பெரிய கெப்பாசிட்டர் வாக்கி-டாக்கியை மட்டும் தின்னவில்லை. குரலின் மேல் பாதியையும் தின்றுவிட்டது. அறுநூறு ஓம் அதற்கு உடந்தை. ஒரு குரலை இன்னாருடையது என்று காட்டுகிற கூர்மை எல்லாம் அந்த மேல் பாதியில்தான் இருக்கிறது. தெய்வானையக்காவுக்கு அடிக்குரல் கனம், அதனால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. நான் அவரை மட்டும் வைத்துச் சோதித்தேன். ஒரே ஒரு குரல். படித்த முட்டாள் செய்கிற வேலை.

யாரும் குறை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். சத்தம் வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். குரல் போனால் யாருக்கும் தெரியாது, அந்தப் பிள்ளையைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை தேர். அன்று இரண்டு லட்சம் பேர் வருவார்கள்.

ஈஸ்வரனிடம் பெட்டியைப் பிரிக்கப் போகிறேன் என்றேன். கத்தினான்.

"ஓடுற வண்டிய எதுக்குக்கா பிரிக்கிற? புள்ளதான் கெடச்சிருச்சுல்ல. திரும்ப மாட்டி வேல செய்யலன்னா தேரன்னைக்கு நம்மள உரிச்சுருவாங்க."

அவன் சொல்வதும் நியாயம்தான்.

மார்ச் 14, வியாழன்

மதியம் நடை சாத்திய பிறகு கூட்டம் குறைந்திருக்கும். நாலு மணிக்குத் திறப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரம் எனக்கு. தெய்வானையக்கா கை மெகாபோனை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். "மூணு மணி நேரம் என்ன, மூணு நாளு கத்துவேன். நீ பாரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பற்றவைக்கிற ஈயப் புகை என்று சொல்லிவிட்டேன்.

மூடியைத் திறந்ததும் தெரிந்தது. மைக் வயருக்குள் குரல் வரும் கம்பிகளைச் சுற்றி ஒரு செப்புப் பின்னல் இருக்கும். வெளியிலிருந்து வரும் வேண்டாத அலையை அதுதான் பிடித்து நிறுத்தும். அந்தப் பின்னலின் முனையை நான் மூன்றங்குல வயரில் பெட்டிக்குள் அழைத்துப்போய், போர்டின் நடுவில் முடித்திருந்தேன். பிடித்த திருடனை வீட்டுக்குள் கூட்டி வந்து பாயைப் போட்டு உட்கார வைத்த கதை. அழகாக வளைத்து, நூல் கட்டி வேறு வைத்திருந்தேன்.

அந்த வயரை வெட்டினேன். பின்னலை மைக் செருகும் சாக்கெட்டிலேயே, பெட்டியின் இரும்போடு ஒட்டப் பற்றவைத்தேன். அறுநூறு ஓமைப் பிடுங்கி அதற்குப் பத்து மடங்கு பெரியதாக ஒன்றை வைத்தேன், மைக் மூச்சு விடட்டும் என்று. தடிமாடு கெப்பாசிட்டரையும் பிடுங்கினேன். அதற்குப் பதில் அரிசி அளவில் இரண்டு, சாக்கெட்டின் காலிலேயே. இரண்டு கம்பியிலும் ரேடியோ அலையை மட்டும் தடுக்கிற ஃபெரைட் மணி ஒவ்வொன்று. அவ்வளவுதான். தடுப்பதை வாசலிலேயே தடுத்தால் இத்தனூண்டு போதும்.

பிலோமினா வாக்கி-டாக்கியை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். அறுபது தடவை இருக்கும். அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூமிலிருந்து இன்ஸ்பெக்டர், "யாரும்மா அது, வேற வேலை இல்லையா?" என்றார்.

"வேலதான் சார் பாக்குறோம்" என்றாள்.

ஈஸ்வரன் பதினேழாம் குழாயடியில் நின்றான். இந்த முறை தெய்வானையக்கா, பிலோமினா, டீக்கடைக்காரர், முறுக்கு விற்கிற பெண், அவள் மாமியார் என்று அகப்பட்டவர்களை எல்லாம் பேசவைத்தேன். மூன்று ஐம்பதுக்கு ஈஸ்வரன் ஓடி வந்தான்.

"அக்கா, பிலோமினாவுக்குச் சளி பிடிச்சிருக்கு. அதுகூடக் கேக்குது."

"நீயும் பேசிப் பாரேன்க்கா" என்று பிலோமினா மைக்கை நீட்டினாள். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

கூட்டத்தால் போனில் சிக்னல் இல்லை. மலைக்குப் பின்பக்கம் சுனை வரை நடந்து போய்ச் சென்னைக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று யாழினி பயந்துவிட்டாள். தாள் எடுத்துவர மறந்துவிட்டேன்.

"ஹலோ, கேக்குதா? நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி" என்றுதான் ஆரம்பித்தேன். ஏன் அப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மித்ராவைப் பற்றிச் சொன்னேன். 'ம்' சொல்லாமல் கேட்டாள்.

"அந்தப் பாப்பா அழுதுச்சா?"

"இல்ல. பூ கட்டுறதப் பாத்துட்டு உக்காந்திருந்துச்சு."

"அவங்க அம்மாகிட்ட, தப்பு உன்னோடதுன்னு சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிருக்கலாம்மா."

"ஆமா. சொல்லிருக்கலாம்."

பிறகு அவளே கேட்டாள். "ஏன்மா என்ன விட்டுட்டுப் போன?"

மூன்று வருடத்தில் முதல் முறை பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அழுகை, கத்தல், பழைய பாக்கி எல்லாம் வந்தது, இரண்டு பக்கமும். பட்டியலில் இருந்த ஆறும், இல்லாத பத்தும் வந்தன. ஆனால் போனை யாரும் வைக்கவில்லை. கடைசியில், "தேர் என்னைக்கு?" என்றாள். ஞாயிறு என்றேன். "சனிக்கிழம நைட்டு அத்தை மதுரைக்குக் கெளம்புறாங்க" என்றாள். அப்பாவிடம் அவளே பேசிக்கொள்கிறாளாம்.

நான் வா என்று கூப்பிடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஐம்பத்தொரு நிமிடம்.

மார்ச் 16, சனி

அப்பா சரி என்றுவிட்டாராம். நாளைக் காலை அத்தை திண்டுக்கல்லில் விடுவார், ஈஸ்வரன் கூட்டி வருவான். வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

தேர். கொட்டகையில் காலையிலிருந்து நிற்க இடமில்லை. பதினொரு மணிக்குள் இருபத்தாறு அறிவிப்பு. ஓர் அம்மா பேச ஆரம்பித்து மூன்றாவது வார்த்தையில், எதிர்வரிசைக் கரும்புச்சாறு வண்டியிலிருந்து ஒரு பயல் "ம்மா" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். பிலோமினா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஈஸ்வரன் வந்தான். சட்டை முழுக்க வியர்வை. தனியாக வந்தான்.

"அக்கா, பாப்பா இங்க வந்துட்டாளா?"

தேருக்காகப் பேருந்தை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட, இறங்கி நடந்து வரும்போது தேர் திரும்பியிருக்கிறது. கூட்டம் தள்ளியிருக்கிறது. கையை விட்டுவிட்டான். அரைமணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறான். அவளிடம் போன் கிடையாது. இந்த ஊருக்கு அவள் வந்ததே இல்லை.

பிலோமினா வாக்கி-டாக்கியை எடுத்துவிட்டாள். "பன்னிரண்டு வயசு, பேரு யாழினி. என்ன ட்ரெஸ்க்கா?" எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. ஈஸ்வரன்தான் மஞ்சள் சுடிதார் என்றான்.

தெய்வானையக்கா அறிவித்தார். முடித்துவிட்டு மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பேசுங்கக்கா. எனக்கு வராது" என்றேன்.

"நான் பேசினா ரேஷன் கடைன்னு நெனச்சு ஓடிரும். உம் புள்ள. நீ பேசு."

மைக்கைப் பிடித்தேன். "யாழினி, ஹலோ, கேக்குதா? அம்மா பேசுறேன்" என்றேன். என் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. என் குரல்தான். எனக்கே தெரிந்தது. "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர, தகரக் கொட்டகை. கேக்குதா? பயப்படாத. யாரையாச்சும் கேளு. நீ வந்தது எனக்கு…" அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் பிலோமினா பட்டனை அமுக்கிக்கொண்டு போலீசுக்கு மஞ்சள் சுடிதாரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாயில் ஒரு கர்ர் இல்லை. என் மூக்கு உறிஞ்சல்தான் நாற்பத்திரண்டிலும் சுத்தமாகப் போனது. "வந்துரு தங்கம். கேக்குதா?"

ஒன்பது நிமிடம். நான் மணியைப் பார்க்கவில்லை, பிலோமினா சொன்னாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து மஞ்சளாக ஒன்று முண்டிக்கொண்டு வந்தது. முடி தோள் வரைதான் இருந்தது. என் கழுத்து உயரம் வளர்ந்திருந்தாள். மூச்சு வாங்க வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"ஊர் ஃபுல்லா என் பேரச் சொல்லி மானத்த வாங்கிட்டியேம்மா."

"நாந்தான்னு தெரிஞ்சுதா?"

"பின்ன? வேற யாரு மைக்ல மூணு தடவ கேக்குதா கேக்குதான்னு கேப்பாங்க?"

மேசையைச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமையில்லை. குறுக்கே எட்டிக் கட்டிக்கொண்டேன். மைக் கவிழ்ந்து விழுந்தது. தேரோடும் வீதி முழுக்க 'டமார்' என்றது. தெய்வானையக்கா என்ன திட்டினார் என்று நான் காதில் வாங்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

கொட்டகையைப் பிரிக்கிறார்கள். செயலாளர், அடுத்த வருடத்துக்கும் இதே பெட்டி என்று சொல்லிவிட்டார், 'ன்னாலும்' இல்லாமல். ஈஸ்வரன் செம்பட்டி வழியாகப் போகிறான். மகேஸ்வரி பதிவேட்டில் கொடுத்த முகவரி இருக்கிறது. நானும் அந்த வண்டியிலேயே போய் விஷயத்தைச் சொல்லப் போகிறேன். யாழினி கூட வருகிறாளாம், நான் ஒழுங்காகச் சொல்கிறேனா என்று பார்க்க.

புதன்கிழமைதான் அவளுக்கு ரயில். மே மாதம் முழுக்க இங்கேதான் என்று அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நேற்றிலிருந்து இரண்டு சண்டை போட்டுவிட்டோம், ஒன்று முடியைப் பற்றி.

இப்போது பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க ஸ்க்ரூட்ரைவர் கேட்கிறாள். கொடுக்கப் போகிறேன்.